ஐயா சேர்த்து வைத்த குடும்பங்கள்

கோபம் வந்தாலும் "பிள்ளை" என்றே என்னைக் கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருசம். பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரிக் கவிதை போடவேண்டும் என்று தம்பி கனடாவிலிருந்து சொன்னான். கவிதையையும் யாரையோ பிடித்து எழுதுவித்து அனுப்பியிருக்கிறான். அதில் நீங்கள் விண்மீனாகி எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களாம். உங்களை எனக்குத் தெரியாதா? அங்கே இருந்தால் பக்கத்து விண்மீனுக்கும் அதன் மனுசிக்கும் வழக்குத் தீர்த்துக்கொண்டிருப்பீர்கள். எங்களைப் பார்க்க உங்களுக்கு நேரம் இராது.

கவிதையை விட்டுவிட்டேன். அந்த இடத்தில் இந்தக் கடிதம் வரும். வீட்டில் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் செய்ததை ஊர் பார்க்கச் செய்தீர்கள், அதனால் என் பதிலையும் ஊர் கேட்கவேண்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஜெயந்தி என்று நான் எழுதுகிறவளுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டி, அவள் ஓம் என்று சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன்.

முதலில் வீட்டுப் புதினங்களைச் சொல்கிறேன். மில் ஓடுகிறது. மிளகாய் வறுக்கப் பெரிய தாச்சி இரண்டு புதிதாக வாங்கியிருக்கிறேன். ரவி அண்ணைதான் இன்னும் அரைக்கிற மெசினைப் பார்க்கிறார், காதில் பஞ்சு வைக்கச் சொன்னால் இன்னும் கேட்கிறதில்லை. அம்மா முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டு பின்னேரங்களில் மில்லுக்கு வந்து மல்லி புடைக்கிறா. நீங்கள் இருந்த காலத்தில் அவவுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். இப்போது கேட்க ஆள் இல்லை, அவவும் வாய் ஓயாமல் கதைக்கிறா.

இனி விசயத்துக்கு வருகிறேன். எங்கள் மில்லில் வேலை செய்கிற பெண் யாராவது கன்னம் வீங்கி வந்தால் நீங்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்ததில்லை. அதை நான் ஒருநாளும் மறுக்கமாட்டேன். கொடிகாமத்தில் மற்ற முதலாளிமார் "அது அவையின்ரை வீட்டுப் பிரச்சினை" என்று முகத்தைத் திருப்பும்போது, நீங்கள் ஆள் அனுப்பிக் கணவனைக் கூப்பிட்டீர்கள்.

முற்றத்தில் வேப்பமரத்தடி வைரவருக்கு முன்னால் கதிரைகள் போடுவிப்பீர்கள். அவனுக்கு ஒரு மணித்தியாலம் புத்தி சொல்வீர்கள். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீயும் கொஞ்சம் வாயைக் குறைக்க வேணும் பிள்ளை" என்பீர்கள். கடைசியில் அவன் சூலத்தடியில் கற்பூரம் கொளுத்தி, இனிமேல் கை வைக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணுவான். எல்லோருக்கும் தேநீரும் வடையும் வரும். அவளுக்கு அரை நாள் லீவு கொடுத்து, இரண்டு பேரையும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிட்டு, கேற் வரைக்கும் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அன்றைக்கு இரவு ஒரு அகப்பை சோறு கூடச் சாப்பிடுவீர்கள்.

ஊர் உங்களைக் கொண்டாடியது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டு நினைவுப் புத்தகத்தில்கூட, "பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைத்த பெரியோன்" என்று ஒரு வரி வந்தது. அதைப் பிழை திருத்தி அச்சுக்குக் கொடுத்தது நான்தான். அந்தப் புத்தகங்களை அடுக்கி, வந்தவர்களுக்குக் கொடுத்தவர்களில் ஜெயந்தியும் ஒருத்தி. அவள் அந்த வரியை வாசித்திருப்பாளோ என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

ஜெயந்தியை நீங்கள் மூன்று தரம் சேர்த்து வைத்தீர்கள். மூன்றாவது தரம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று தேநீர் ஊற்றிக் கொடுத்தது நான். அவள் இடது கையை நீட்டிக் கோப்பையை வாங்கினாள், வலது கையில் வடை இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அவனோடு ஏறிப் போனாள். பின்னேரம் அந்த இடது கை மணிக்கட்டோடு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று உங்களிடம் சொன்னாள். நீங்கள் நம்பினீர்கள். உண்மையாகவே நம்பினீர்களா அப்பா? எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. நான் நம்பவில்லை. நம்பாமலே வாயை மூடிக்கொண்டு இருந்தேன், ஏனென்றால் நீங்கள் என் அப்பா, எனக்கு உங்களைப் பிடிக்கும்.

இதைத்தான் நான் உங்களிடம் கேட்டிருக்கவேண்டும். முதலாளிக்கும் கூட வேலை செய்கிற பெண்களுக்கும் முன்னால் தலை குனிந்து சத்தியம் பண்ணின ஒருவன், அந்த அவமானத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் யாரில் தீர்ப்பான்? அவனுடைய கோபம் உச்சியில் நிற்கிற அந்த ஒரு நாளில், அரை நாள் லீவும் கொடுத்து அவளை அவனுடைய மோட்டார் சைக்கிளின் பின் சீற்றில் ஏற்றிவிட்டோமே, அது எந்த ஊர் புத்தி? மற்ற நாளில் அவளுக்கு வேலை என்று எட்டு மணித்தியாலமாவது கிடைத்தது. நல்லது செய்கிறோம் என்று அதில் பாதியை நாங்களே பறித்துக் கொடுத்தோம்.

நீங்கள் போய் எட்டு மாதத்தில் ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, நான் மில்லைத் திறக்க முதலே ஜெயந்தி கேற்றடியில் நின்றாள். கையில் ஒரு பை. கழுத்தில் விரல் அடையாளம். நான் கேற்றைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்ட முதல் விசயம் இதுதான்:

"அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன், என்னைச் சேர்த்து வைச்சுப் போடாதேங்கோ."

அப்பா, அவனுக்குப் பயந்ததைவிட எங்களுக்குத்தான் அவள் கூடப் பயந்திருக்கிறாள். அந்தக் கேற்றில் உங்கள் பெயர் எழுதியிருக்கிறது, அதற்குக் கீழே நின்று அவள் அப்படிக் கேட்டாள்.

அன்றைக்கு நான் அவனுக்கு ஆள் அனுப்பவில்லை. அவளுக்குத் தேநீர் கொடுத்தேன், எங்கள் வீட்டில் படுத்துத் தூங்கு என்றேன். "நீ என்ன செய்ய விரும்புறாய்?" என்று கேட்டேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒருத்தரும் தன்னிடம் அதைக் கேட்டதில்லை என்றாள். அடுத்த நாள் அவளோடு பொலிஸ் நிலையத்துப் பெண்கள் பிரிவுக்குப் போனேன். அந்த நாளும் அவளுக்கு வேலை நாள்தான், சம்பளம் உண்டு என்றும் சொன்னேன்.

ரவி அண்ணையையும் கூப்பிட்டுக் கதைத்தேன். ஜெயந்தியின் கணவன் தொலைபேசி எடுத்து, "மனுசி நிக்கிறாவோ, எத்தினை மணிக்கு வெளிக்கிடுவா?" என்று கேட்டால், இத்தனை வருசமும் ரவி அண்ணை கள்ளமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவன் அந்த நேரத்துக்குச் சந்தியில் வந்து நிற்பானாம். இதைக் கேட்டதும் ரவி அண்ணை தலையில் கையை வைத்துக்கொண்டு சாக்கில் இருந்துவிட்டார். "புருசன் கேக்கிறான், சொன்னால் என்ன எண்டு நினைச்சன் பிள்ளை" என்றார். எல்லோரும் அப்படித்தானே நினைத்தோம்?

புதன்கிழமை காலை சிவலிங்கம் மாமாவின் வான் வந்து நின்றது. மாமா உங்கள் கூட்டாளி, எங்கள் கறித்தூளில் பெரும்பங்கை வாங்குகிற மொத்தக் கடைக்காரர், வர்த்தகர் சங்கத்திலும் பெரிய ஆள். பின் சீற்றில் ஜெயந்தியின் கணவன், முகம் மழித்து, திருநீறு பூசி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தான். மாமாவின் சேட்டுப் பைக்குள் கற்பூரப் பெட்டி தெரிந்தது. கேற்றுக்கு உள்ளே நானும் வெளியே அவரும் நின்று கதைத்தோம்.

"பிள்ளை, கேற்றைத் திற. அரை மணித்தியாலத்திலை முடிச்சுப் போட்டுப் போவம்."

"என்னத்தை மாமா முடிக்கிறது?"

"உதென்ன கேள்வி? அப்பா இருந்திருந்தால் இந்நேரம் கதிரை போட்டிருப்பார்."

"ஓம் மாமா, போட்டிருப்பார். நான் போடேல்லை."

"குடும்பம் எண்டால் நாலும் இருக்கும். நீ வேலை குடுக்கிற ஆள், வேலையைக் குடு, காணும். அவளின்ரை வீட்டுக்குள்ளை நீ என்னத்துக்குப் போறாய்?"

"அப்பா போனவர்தானே? அப்ப நீங்களும் பக்கத்திலை இருந்து தேத்தண்ணி குடிச்சனீங்கள். அப்ப ஏன் உதைக் கேக்கேல்லை?"

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பா, உங்களுக்கு முன்னால்கூட நான் சத்தம் போட்டதில்லை. கணவன் வானிலிருந்து இறங்கி, "ஜெயந்தி உள்ளைதான் நிக்கிறாள், எனக்குத் தெரியும்" என்று கேற்றைப் பிடித்து ஆட்டினான். மெசின் சத்தம் நின்றது. ரவி அண்ணை தலையெல்லாம் மிளகாய்த்தூளோடு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஆர் நிக்கினம், ஆர் நிக்கேல்லை எண்டு இஞ்சை ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை தம்பி" என்றார். சொல்லிவிட்டு அவன் முகத்துக்கு நேரே ஒரு பெரிய தும்மல் போட்டார். வேண்டுமென்று போட்டதோ தூள் போடவைத்ததோ, நான் இன்றைக்கும் கேட்கவில்லை.

"நாளையிலையிருந்து உன்ரை தூள் என்ரை கடைக்கு வராது. விளங்குதோ பிள்ளை?" என்றார் மாமா.

"விளங்குது மாமா. உங்கடை வெறும் சாக்கு கொஞ்சம் உள்ளை கிடக்கு. வந்த கையோடை ஏத்தி விடட்டோ?"

சொன்னபடியே நிற்பாட்டினார். அந்த மாதங்கள் சுகமாக இருந்தன என்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். நானும் ரவி அண்ணையும் சண்டிலிப்பாய், பருத்தித்துறை என்று சின்னக் கடைகளாக ஏறி இறங்கினோம். சில கடையில் "உங்கடை பிரச்சினை முடிஞ்சு வாங்கோ" என்றார்கள். சில கடையில் கல்லாவில் இருந்த பெண்கள் ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்தார்கள். மில் இன்னும் நிற்கவில்லை, வறுப்பவர்களில் ஒருவரையும் நான் நிற்பாட்டவும் இல்லை.

இதற்கு நடுவில் வர்த்தகர் சங்கக் கூட்டத்துக்கும் போனேன். நீங்கள் இருந்த அதே கதிரையில் இருந்தேன். வாய்க்கால் துப்புரவு, தெரு விளக்கு எல்லாம் கதைத்து முடிய எழுந்து, எங்கள் கடைகளிலும் மில்களிலும் வேலை செய்கிற பெண்களைப் பற்றிக் கதைக்கவேண்டும் என்றேன். பின்னால் ஒருவர், "உது பொம்பிளையளின்ரை சங்கத்திலை கதைக்கிற கதை. யாவாரிக்கு என்ன?" என்றார். கொஞ்சப் பேர் சிரித்தார்கள்.

யாவாரிக்கு என்னவா? எங்கள் பெண்கள் வேலை நாளில் தங்கள் வீட்டில் விழித்திருக்கிற அளவு நேரம் எங்களிடமும் இருக்கிறார்கள். யாருக்குக் கன்னம் வீங்கியது, யார் வீட்டுக்குப் போகப் பயந்து கூட வேலை கேட்கிறாள் என்று தாய் தகப்பனுக்கு முதல் எங்களுக்குத் தெரியும். எங்கள் லொறிக்காரர் சந்தியில் நின்று என்ன கதைக்கிறார்கள் என்றும் தெரியும். இவ்வளவும் தெரிந்துகொண்டு வாய்க்காலைப் பற்றி மட்டும் கதைத்தால், நாங்கள் அந்த அடிக்குக் கை கொடுக்கிறவர்கள்தான். இதை அங்கேயே சொன்னேன். சிரித்தவர்கள் நிற்பாட்டினார்கள், ஆனால் ஒருவரும் ஓம் என்று சொல்லவும் இல்லை. கூட்டம் முடிய, மருந்துக் கடை வைத்திருக்கிற ஒருவர் மட்டும் வந்து, "தங்கச்சி, எங்கடை கடைக்கும் உப்பிடி ஆக்கள் போன் எடுக்கிறவங்கள். என்ன சொல்ல வேணும்?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு ரவி அண்ணையின் வசனத்தைச் சொல்லிக் கொடுத்தேன், தும்மலை விட்டுவிட்டு.

மிளகாய் கொண்டுவருகிற லொறிக்காரனையும் நிற்பாட்டிவிட்டேன். தூள் அடைக்கிற பிள்ளைகளை அவன் சொல்கிற சொல்லுக்கெல்லாம் நீங்கள் "பகிடிக்குத்தானே" என்பீர்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாவது சிரித்து நான் கண்டதில்லை. வேறு சாரதியை அனுப்புங்கள் அல்லது மிளகாயே வேண்டாம் என்று அவனுடைய முதலாளிக்குச் சொன்னேன். அடுத்த வாரமே வேறு சாரதி வந்தார்.

இனித்தான் உங்களுக்குச் சொல்லக் கஷ்டமானது.

ஜெயந்தி பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதிமன்றம் போனாள். தான் தங்கியிருக்கிற வீட்டுக்கும் மில்லுக்கும் அவன் வரக்கூடாது என்று கேட்டாள். அவன் பக்கத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? கை முறிந்தது மில்லில் விழுந்து என்றார்கள். அவன் அடிக்கிறவன் என்றால், இவ்வளவு பெரிய மனிதர் மூன்று தரம் விசாரித்து ஏன் சேர்த்து வைத்தார் என்று கேட்டார்கள். உங்கள் நல்ல பெயர்தான் அவனுடைய சாட்சி, அப்பா. அதற்குப் பின்னால் அவன் பதுங்கிக்கொண்டு நின்றான்.

நான் சாட்சி சொல்லப் போகிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் வந்தார்கள். பெரியப்பா வந்து, "செத்த மனுசனைக் கோட்டிலை இழுக்கப் போறியோ?" என்றார். தம்பி தொலைபேசியில் அழுதான். சிவலிங்கம் மாமா, நான் போகாவிட்டால் பழையபடி தூள் வாங்கலாம் என்று ஆள் விட்டார். போகிற அன்று காலை அம்மா எனக்கு இடியப்பம் அவித்து வைத்துவிட்டு, "வடிவாச் சாப்பிட்டுட்டுப் போ. வெறும் வயித்தோடை நிண்டு கதைக்கேலாது" என்று மட்டும் சொன்னா.

அன்று பன்னிரண்டு மணிக்கு ஜெயந்தி இடது கையால் என்னிடம் கோப்பை வாங்கினாள், அந்தக் கைக்கு ஒன்றுமில்லை, நான் கண்டேன் என்று சொன்னேன். அவனோடு அவளை அனுப்பி வைத்தவர்கள் நாங்கள் என்றும் சொன்னேன். அவனுடைய சட்டத்தரணி எழுந்தார்.

"உங்கடை தகப்பனார் நேர்மையான மனுசன்தானே?"

"ஓம். நேர்மையான மனுசன்."

"அப்ப அவர் விசாரிச்சது பொய்யோ?"

"பொய்யில்லை, பிழை. அவனை நம்பினவர், அவளைக் கேக்கேல்லை. அண்டைக்கு நானும் கேக்கேல்லை."

சொல்லும்போது உங்கள் முகம் எனக்கு முன்னால் நின்றது. கோபமாக நின்றதோ, வெட்கப்பட்டு நின்றதோ? என்னவாக இருந்தாலும் நான் நிற்பாட்டியிருக்கமாட்டேன். கட்டளை கிடைத்தது. அவன் இப்போது சந்திக்கு இந்தப் பக்கம் வருவதில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெயந்தி என் தோளில் சாய்ந்துகொண்டு, "ஐயாவை அப்பிடிச் சொல்ல உங்களுக்கு நோகேல்லையோ அக்கா?" என்று கேட்டாள். நொந்தது என்றேன். "எனக்கும் நொந்தது" என்றாள். "அவர் எனக்கு நல்லதெண்டு நினைச்சுத்தானே செய்தவர்." சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். உங்களை எவ்வளவு தேடுகிறேன் என்று அந்த பஸ்ஸில்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது அம்மா, ஒன்றும் கேட்காமலே, பெயர்களைச் சொல்லத் தொடங்கினா. நீங்கள் சேர்த்து வைத்த மற்றப் பெண்களின் பெயர்கள். இத்தனை வருசம் உங்களுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் இருந்த மனுசிக்கு ஒவ்வொரு பெயரும், எந்த ஊர் என்பதும், அன்று அந்தப் பெண் என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்பதும் மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் போகத் தொடங்கியிருக்கிறோம். எந்த ஊர், எந்த வழி என்று இங்கே எழுதமாட்டேன். முதல் வீட்டில் நன்றாக இருக்கிறார்கள். அந்தக் கணவனே எங்களுக்குக் கோப்பி போட்டுத் தந்தான். உங்கள் படம்கூட மாட்டியிருக்கிறது. இதை உங்களுக்கு மறைக்கக்கூடாது. இரண்டாவது வீடு பூட்டிக் கிடந்தது.

மூன்றாவது வீட்டில் அந்தப் பெண் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் விளக்குமாறைப் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"திரும்பவும் சேர்த்து வைக்கவோ வந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

அம்மாதான் பதில் சொன்னா. "இல்லைப் பிள்ளை. அண்டைக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு கேக்க வந்தனாங்கள்."

அவள் அந்தக் கூட்டாத முற்றத்திலேயே குந்தியிருந்து சொல்லத் தொடங்கினாள். நாங்கள் மூன்று பேரும் எழும்ப வெயில் சாய்ந்துவிட்டது. அடுத்த நாள் தொடக்கம் அவளுக்கு மீண்டும் எங்கள் மில்லில் வேலை.

அம்மா சொன்ன பெயர்களில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது அப்பா. அத்தனை வீட்டுக்கும் போவேன், அம்மாவின் முழங்கால் விட்டால் அவவும் வருவா. நீங்கள் கேட்காமல் விட்ட, அம்மா அந்த முற்றத்தில் கேட்ட அந்த ஒரு கேள்வியை, உங்கள் பெயரைச் சொல்லியே, ஒவ்வொருத்தியிடமும் கேட்பேன். இது சத்தியம். கற்பூரம் கொளுத்தவில்லை.

உங்கள் மில்லையும் உங்கள் பிழையையும் சேர்த்தே பொறுப்பெடுத்த,
உங்கள் மூத்த மகள்
வதனி
கொடிகாமம்